கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு

இல்ல போட்டோக்காரண்ணா, இதுக்கு மேல சாய்க்க முடியாது. கழுத்து பிடிச்சுக்கிச்சு. மாப்பிள்ளை உள்ள போயி அடுத்த கோட்டு மாட்டிக்கிட்டு வரட்டும், அதுவரைக்கும் இப்பிடியே தரையில உக்காந்துக்கறேன். எப்பிடியும் நீங்க எனக்குன்னு ஒதுக்கியிருக்கற இடம் இதுதானே.

அட, சும்மா சொன்னேன், சிரிங்க. உங்களை ஒண்ணும் சொல்லல. துணிக்கடைக்காரரு மாதிரிக்கு அனுப்பின படங்களை நானும்தான் பாத்தேன். கல்யாணத் துணி மொத்தமும் இனாம், பதிலுக்கு எங்க படம் கடை வாசல்ல பெரிய போர்டுல. அவங்க சொல்றபடிதானே நீங்களும் எடுக்கணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். காலையிலருந்து அவருகிட்ட நேரா பாருங்க சார்ங்கறதைத் தவிர வேற ஏதாவது சொன்னீங்களா? என்கிட்ட? தலையைக் குனிங்க, அவரை அண்ணாந்து பாருங்க, செருப்பைக் கழட்டுங்க, வாயை லேசாத் திறங்க, விரலை உதட்டுல வைங்க. பல்லு வலிக்காரி மாதிரி இருக்காதான்னு கேட்டதுக்கு ஒரு முறை முறைச்சீங்க பாருங்க!

அழகா இருக்குதான், யாரு இல்லேன்னா? ஆனா ஒத்தக்கால்ல வளைஞ்சு நிக்கறவளை விரலால தொட்டாப் போதும், பொத்துனு விழுவா. அவரு ரெண்டு காலையும் அகட்டி, பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு நிக்கறாரு. லாரி வந்து இடிச்சாத்தான் உண்டு. என் துணியில ஒரு கைக்குட்டை வைக்க இடமிருக்கா? முதுகு பூரா கிளிப்பு போட்டு இறுக்கிட்டீங்க, மூச்சைத் தவணையில விடறேன்.

காலேஜ்ல படிக்கறவ இப்பிடித்தான் பேசுவான்னு உங்க முகத்துலயே எழுதியிருக்கு. வீட்டுலயும் வாயாடின்னுதான் பேரு. பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சுண்ணா.

அவரு ஏறி நிக்க நீங்க போட்ட அந்த மரப்பெட்டியா? அதுல எனக்குக் கோவமே இல்ல, நிஜமா. அவரைவிட நான் ரெண்டு விரக்கடை உயரம், அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா பெட்டி மேல ஏறினதும் அவரு முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சே, அதை நான் பாத்துட்டேன்.

அதான் அவருகிட்ட கேட்டேன். எனக்காக ஒரே ஒரு படம், நான் நிக்கறேன், நீங்க உக்காருங்கன்னு. விளையாட்டாத்தான் கேட்டேன். போடி, முடியாதுன்னு சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அவரு என்னைப் பாக்கவே இல்லண்ணா, உங்களைப் பாத்தாரு. இவ இப்பிடித்தான் சார், கல்யாணத்துக்கப்புறம் சரியாயிடுவான்னாரு. நீங்களும் தலையாட்டினீங்க. பரவாயில்ல, வந்த வாடிக்கையைப் பகைச்சுக்க முடியுமா?

நல்லவருதான். குடி கிடையாது, ஒருநாளும் சத்தம் போட்டதில்ல. எங்கப்பா மாப்பிள்ள மாப்பிள்ளன்னு உருகுவாரு. படத்தோட போயிடும்னா நானும் குனிஞ்சுட்டுப் போயிருப்பேன். இவரு படம் முடிஞ்சும் பெட்டியிலருந்து இறங்க மாட்டாரு போலிருக்கே.

நான் கேட்ட படத்தை இப்ப எடுக்கறேன்னு லைட்டெல்லாம் திருப்ப வேணாம்ணா, விடுங்க. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு வெளிய போனேன்ல, அப்பவே அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்க வேணாம்னு சொன்னேன். சாப்பிட்டியாம்மான்னு மட்டும் கேட்டாரு. வந்துக்கிட்டிருக்காரு.

ஆமா, நிறுத்தச் சொன்னது கல்யாணத்தைத்தான். அவருக்கு இன்னும் தெரியாது. கதவு திறக்குது பாருங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணா.