கைப்பை இல்லாத படம்

கலியாணப் படங்களைக் கெடுப்பது கைப்பைதான். மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்கிற அன்ரிமார் ஒருவரும் அதைக் கீழே வைக்கமாட்டார்கள். கமராவைத் தூக்குமுன் நானே போய்ப் பைகளை வாங்கி என் பின்னால் வைத்துவிடுவேன். ஸ்காபரோவில் இந்த அகஸ்ரின், அதாவது நான், எடுத்த படத்தில் கைப்பை தேடினாலும் கிடைக்காது. தொழில் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

செலீன் என் மனைவி ஜூலியின் அக்கா. மோர்னிங்சைட் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்கு ஒரே மகனைப் பறிகொடுத்தவர். நெஞ்சு வருத்தம் வேறு. நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை எப்போதும் அவருடைய கைப்பைக்குள் இருக்கும். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் பிளேன் தாழ்வாய்ப் போனால் நிலத்தில் குப்புற விழுந்து, பல்லுக்கிடையில் துணியைக் கடிப்பார். குண்டு அதிர்ச்சியில் பல் நொறுங்காமலிருக்க ஊரில் எல்லோரும் செய்ததுதான். அதை ஒருவரும் படமெடுக்கவில்லை. எப்படி எடுப்பது? கமரா வைத்திருந்த நானும் அப்போது குப்புறத்தானே கிடந்தேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடையில், ஹமில்ரன் பக்கம் பழைய போர் விமானங்களை இன்னும் பறக்கவிடுகிற ஓர் அருங்காட்சியகத்துக்குப் படமெடுக்கப் போனேன். நாலு இஞ்சின் குண்டு விமானமொன்று தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. என் முழங்கால் தானாக மடிந்தது. வெட்கமாக இருந்தது. எழும்பிக் காற்சட்டையைத் தட்டும்போதுதான் அந்த யோசனை வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜூலி வேலைக்குப் போனபின் செலீனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"உதுகள் பறக்காதுதானே, தம்பி?"

"இல்லை அக்கா. கிழட்டுப் பிளேனுகள். சும்மா நிக்கும்."

எத்தனை மணிக்குப் பறக்கும் என்று முதல்நாளே ரெலிபோனில் கேட்டு வைத்திருந்தேன்.

புல்வெளியில், வெயில் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து நிற்கவைத்தேன். கைப்பையை வாங்கி என் பின்னால் வைத்தேன். விமானம் வந்தது. சனமெல்லாம் அண்ணாந்து கைதட்டியது. செலீன் விழுந்தார். சால்வைத் தலைப்பைக் கடித்தபடி புல்லோடு புல்லாய்க் கிடந்தார். செட்டையின் நிழல் அவருடைய முதுகால் போனது. நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது.

விமானம் போனபிறகும் அவர் எழும்பவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது. என் பக்கமாகக் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அவ்வளவு நாளும் என் படங்களில் இல்லாதது அந்த விரல்களில் இருந்தது. பிலிம் முடிந்தது. வேறொன்றைப் போட்டேன்.

அம்புலன்ஸ் வந்தபோது பை அவர் கைக்குள் இருந்தது. நான்தான் வைத்தேன். அப்போது அவருக்கு அது தேவைப்படவில்லை.

படம் இப்போது கோயில் மண்டபத்தில் தொங்குகிறது. செத்த மகனை எட்டிப் பிடிக்க நீளும் கை என்று சனம் அழுகிறது. நான் மறுத்ததில்லை. போன கிழமை ஜூலி அதற்கு முன்னால் கனநேரம் நின்றாள்.

"அக்கா பையில்லாமல் வாசலுக்குக்கூடப் போகமாட்டா. இதில அவவின்ர பை எங்க?"

சொன்னேன். அவளுக்கு ஏன் ஒளிக்கவேண்டும்?

"படத்தைக் கழட்டுங்கோ," என்றாள். "இல்லாட்டி நான் பொலிசுக்குச் சொல்லுவன்."

"சொல்லு. கழட்டமாட்டன்."

அதனால்தான் நீங்கள் இங்கே வந்து என் முன்னால் இருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சனம் எப்படிக் கிடந்து செத்தது என்று காட்ட ஒரு படமாவது இருக்கிறதா? இப்போது இருக்கிறது. குளிசையைக் கொடுத்திருந்தால் செலீன் பிழைத்திருப்பார், படம் வந்திராது. ஓம், தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஒன்று, செலீனைக் கொன்றது விமானம். நான் எடுத்து வைத்தது ஒரு கைப்பையை மட்டும்தான்.