இடப்பக்கம் அரைச் சுற்று

உயிருக்கு விலை போட முடியாது என்கிறார்கள். என் பட்டறையில் போட்டிருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. தையல் மிஷினில் மேல்நூலை இறுக்குகிற டென்ஷன் திருகில் அரைச் சுற்று.

உயரமான கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர்கள் இடுப்பில் கட்டும் தோல் பெல்ட் தைப்பது என் தொழில். மற்ற இடத்தில் இரண்டு தோல்தான். கயிறு மாட்டும் வளையத்தை உள்ளே வைத்து மடித்துத் தைக்கும் இடத்தில் நாலு. அந்தக் கனத்துக்கு மேல்நூலை இறுக்கினால்தான் முடிச்சு தோலுக்கு நடுவே போய் உட்காரும். இறுக்கினேன், நூல் அறுந்துகொண்டே இருந்தது. தடித்த நூல் மாற்றி, சக்கரத்தைக் கையால் உருட்டித் தைக்க வேண்டும். தெரியாதவனில்லை. ஆனால் வாசலில் பெல்ட் கேட்டிருந்த பெயிண்ட் மேஸ்திரியின் வண்டி வந்து நின்றுவிட்டது. சரக்கு தயாராக இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

திருகை இடப்பக்கம் தளர்த்தினேன். மிஷின் வெண்ணெயாய் ஓடியது. மேலே முத்துக் கோத்த மாதிரித் தையல். அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்கியது. விரல் விட்டு இழுத்தால் வந்துவிடும். மெல்லிய தோல் ஒட்டி மறைத்தேன். ஒட்டுவதில் என் கை சுத்தம்.

"என்ன மொதலாளி, தோல் விலை சொல்றீங்களா, தங்க விலையா?" என்றார் மேஸ்திரி.

"தங்கம் இழுத்தா நீளும் மேஸ்திரி. இது நீளாது."

சிரித்தார். ஆனால் அவர் கட்டைவிரல் ஒட்டின ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் தம்பி வந்தான். அவனுக்கும் வண்ணம் அடிக்கிற வேலைதான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன். பழசு இடுப்புக்குப் பத்தல. வீட்டுச் சாப்பாடு அப்படி."

வேண்டாம்டா என்று எப்படிச் சொல்வது? மேஸ்திரி ஏன் என்று கேட்பாரே. என் நிலையில் நீங்கள் இருந்தாலும் வாய் வந்திருக்காது. அப்போதும் பாசம் விடவில்லை, ஐயா. குவியலைக் கிளறி, இருந்ததில் நல்லதாகப் பொறுக்கி, நானே மாட்டிவிட்டேன்.

"மெல்லண்ணே, மூச்சு முட்டுது."

மேஸ்திரி கையிலிருந்ததைக் கீழே போட்டார். "கூடப்பொறந்தவனுக்கே மாட்டிவிடுறாரு. அப்புறம் எனக்கென்ன பேச்சு? ஏத்துங்கப்பா."

அவ்வளவு பேரத்தையும் தம்பி சும்மா நின்றே முடித்துக் கொடுத்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவனோ ஓட்டைவாய், மேஸ்திரி ஆட்களிடம் உளறிவிட்டால்? பழைய பெல்ட்டையே கட்டிக்கொள்வான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இடுப்புக்குப் பத்தாது என்று அவன் சொன்னதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஐந்தாவது மாடியில் சாரம் ஆடியிருக்கிறது. வளையம் கயிற்றோடு மேலேயே நின்றது. பெல்ட் அவனோடு கீழே வந்தது. அவன் மனைவி என்னைத்தான் கட்டிப்பிடித்து அழுதாள். விலக்க முடியவில்லை.

மற்ற பெல்ட்டெல்லாம் எங்கே என்கிறீர்கள். மேஸ்திரி ஆட்களிடம்தான். திருப்பிக் கேட்டால் எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை. அவர்கள் எனக்கு உறவும் இல்லை.

கணக்கை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தைத்தது முப்பது. திரும்பி வந்தது ஒன்று. பாக்கி இருபத்தொன்பதும் இந்நேரம் வேலைக்கு ஏறியிருக்கும்.