தேதி மறந்த மெஷின்

— ...மூலையில இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டரத்தானே கேக்கறே?

— அதேதான்க்கா. ஏன் நின்னு போச்சு?

— எனக்கு இன்னாடா தெரியும். நான் ஜாக்கெட் தைக்கிறவ. இத்தினி மாசம் கழிச்சு போன் பண்றே. அக்கா எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல, மெஷினு எப்படி இருக்குன்னு கேக்கறே.

— ...எப்படி இருக்கே?

— இருக்கேன். உன் பொண்டாட்டி கவிதா எப்படி இருக்கா? விழுப்புரத்துல மாமியார் வீட்டுச் சோறு உனக்கு ஒத்துக்கிச்சா?

— ஆரம்பிச்சிட்டியா. அன்னிக்கி எல்லார் முன்னாடியும் இதையே சொன்னதாலதானே நான்...

— சரி சரி, வெச்சிடாதே. மெஷினுக்கு இன்னா பண்ணணும், சொல்லு.

— அது போட்டு வெச்சிருக்கிற கணக்கெல்லாம் இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள நெட்டு வழியா போய்ச் சேரணும். இல்லாட்டி செல்லாது. இவ்ளோ நாள் ஓடினது வீணு.

— யாரோ முகம் தெரியாதவங்க மருந்து கண்டுபுடிக்க, நம்ம திண்டிவனத்துல ஒரு மெஷினு கணக்குப் போட்டுக் குடுக்குது. புண்ணியம் உனக்கு, கரண்டு பில்லு எனக்கு.

— ஜல்திக்கா. டெர்மினல் தொற. கருப்பா வருமே, அது.

— வந்துச்சு.

— டாலர் குறிக்கு முன்னாடி இன்னா இருக்கு?

— புழு மாதிரி வளைஞ்சு ஒரு கோடு.

— அப்ப நீ வெளியே நிக்கிறே. அங்கருந்து கூப்பிட்டா அந்தக் கணக்குப் போடற புரோகிராம் வராது. நான் கம்பைல் பண்ணி வெச்ச ஃபோல்டருக்குள்ள போய்த்தான் ஓட்டணும். பாஸ்வேர்டு ஃபைலு அங்கதான் இருக்கு.

— ஏன்டா, ஊர்ல எல்லாரும் ரெடியா எறக்கி ஓட்டறாங்க. நீ மட்டும் எல்லாத்தையும் அள்ளிப் போட்டு நீயே சமைக்கணுமா?

— ரெடியா வர்றது புது லினக்ஸுக்கு. இந்தக் கெழவன் கிட்ட அது ஓடாது. அதான் சோர்ஸ் எறக்கி இதுலயே கம்பைல் பண்ணேன். ஒரு நாள் பூரா ஆச்சே, ஞாபகம் இல்ல?

— இல்லாம? ஃபேன் கத்தின கத்துல, வந்த பொம்பளைங்க இது ரோஜா டெய்லர்ஸா, மாவு மில்லான்னு கேட்டாங்க.

— சிரிக்காதேக்கா. சொல்றதை அடி. மொதல்ல சி, டி. எடம் விட்டு...

— போய்ட்டேன். ஓட்டியும் விட்டேன்.

— நான் இன்னும் சொல்லவே இல்லியே?

— ...மேல் பக்கத்து அம்புக் குறிய அழுத்தினேன்டா. நீ முன்ன அடிச்சதெல்லாம் வருது.

— பரவால்லியே. இப்ப இன்னா காட்டுது?

— ஏதேதோ ஓடிச்சு... நின்னுடுச்சு. சர்டிபிகேட்டு செல்லாதுங்குது.

— ஓ. சைட்டு நெசமானதான்னு பாக்கற அந்த சர்டிபிகேட்டு ஃபைலு பழசாயிருக்கும். நானே கம்பைல் பண்ணதால அதைத் தனியா கொண்டாந்து வெச்சேன். புதுசு எறக்கணும். ஒரு லிங்க் அனுப்பறேன், அதை அப்படியே அடி.

— அடிச்சேன். இதுவும் அதையேதான்டா சொல்லுது. சர்டிபிகேட்டு செல்லாதாம்.

— பேஜாரு... இரு. ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுதா? வரிக்கு மொதல்ல தேதி இருக்கும் பாரு. படி.

— ஜனவரி ஒண்ணு. ரெண்டாயிரத்து ஒன்பது.

— அடச்சே. அது எந்த வருசத்துல ஒக்காந்துக்கினு இருக்கு பாரு. அது கணக்குக்கு அந்த சர்டிபிகேட்ட இன்னும் யாரும் எழுதவே இல்ல. எப்படி நம்பும்?

— அப்ப அது மேல தப்பில்ல.

— இல்ல. உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சு. நீ கடை சாத்தி மெயின நிறுத்தினதும் தேதி மறந்துடுது. இப்ப நான் அனுப்பறதை அடிச்சு, இன்னிக்கித் தேதியும் மணியும் குடு.

— குடுத்துட்டேன். திரும்ப ஓட்டறேன்... டேய் பிரான்சிஸ், போவுதுடா. ஒவ்வொண்ணா போவுது.

— எல்லாம் போச்சா?

— போய்க்கினு இருக்கு... ஆச்சு. புதுசா வேற கணக்கு கேட்டு வாங்கிக்கிச்சு. ஃபேன் கத்துது, கேக்குதா?

— கேக்குது... நல்லா கேக்குது.

— ஒண்ணு கேக்கட்டா? இது நின்னு போனது உனக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லல, உன் மாமாவும் சொல்லல.

— அந்த சைட்டுல போட்டிருக்கும்க்கா. மெஷினு கடைசியா எப்ப வந்துச்சுன்னு. காலையில டீ குடிக்கிறப்ப பாப்பேன்.

— தெனமுமா?

— ...வந்திருந்தா, சரி, அக்கா கடை தொறந்துட்டா, நல்லா இருக்கான்னு நெனச்சுக்குவேன். இப்ப ஒரு வாரமா வரல. உடம்புக்குத்தான் ஏதாச்சுமோன்னு... கணக்கு போனா போவுது, அதுக்கு யாரு அழுதா.

— ஒரு வாரமா மனசுல வெச்சுக்கினு இருந்தியா? அப்பவே போன் பண்றதுக்கு இன்னா?

— நீ மட்டும் பண்ணியா?

— இரு, கண்ணு சரியா தெரியல.

— அழுவறியா இன்னா?

— இல்லடா. ஊசியில நூலு கோத்துக்கினு இருக்கேன்.

— சரி. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கவிதாவ கூட்டிக்கினு வர்றேன். மீன் வாங்கி வை. அதுக்குள்ள, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் கடையில அந்தப் பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டுடு. இல்லாட்டி நாளைக்கே திரும்ப தேதி மறந்துடும்.

— வாங்க வேணாம்டா. அது நல்லாத்தான் இருக்கு, என் பட்டன் டப்பாவுல. தெனமும் நீ பாக்கறேன்னு கவிதா போன்ல சொன்னா... நின்னா நீ கூப்பிடுவேன்னுதான் கழட்டிட்டேன்.