அம்மாவின் பெயரில் ஒரு போத்தல்

உல்லாசக் கப்பலில் சொந்தமாக வைன் கொண்டுபோகலாம். பலருக்கு இது தெரியாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு போத்தல், முக்கால் லீற்றர், மூடி உடைக்காதது. ஏறும்போது காட்டிப் பதிய வேண்டும். சாராயம், விஸ்கி கூடாது. சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனால் திறந்து தருவதற்கென்று ஒரு கட்டணம் உண்டு. சொந்த அறைக்குள் இருந்து குடித்தால் அதுவும் இல்லை. ரிக்கற்றோடு வந்த விதிமுறைகள் பதினெட்டுப் பக்கம், இது பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பதினெட்டுப் பக்கத்தையும் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

ரிக்கற் அனுப்பியவர் பாரிஸில் இருக்கும் யூலியட் அக்கா. அப்பா செபமாலைக்கும் அம்மா அந்தோனியம்மாவுக்கும் கலியாணமாகி நாற்பது வருடம். பிரான்சில் நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைக் கப்பலில் அனுப்பிக் கௌரவிப்பார்களாம். நெடுந்தீவில் நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் குறிகட்டுவானுக்குப் படகில் போய் வந்தே வேண்டிய அளவு வாந்தி எடுத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. துணைக்கு நீயும் போ என்று மூன்றாவது ரிக்கற்றையும் போட்டார். வேலையில் லீவு இல்லாததால் அவர் வரவில்லை.

பயணம் இப்படி. நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பலாலியில் விமானம் ஏறிச் சென்னை, சென்னையில் கப்பல். அந்தக் கப்பல் இரண்டு இரவு ஓடிக் காங்கேசன்துறைக்கு வரும். அதாவது, பலாலியில் விமானம் ஏறியபோது ஜன்னலால் பார்த்த இடத்துக்கு.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கடற்தொழிலாளி. குடிப்பார். எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது வயிறு வீங்கி யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் பழுது, இனிக் குடிக்கக்கூடாது என்றார்கள். அன்றோடு விட்டார். ஆறு வருடம் ஒரு துளி இல்லை. ஊரில் இதைக் கடவுள் செய்த புதுமை என்று சொல்வார்கள். பங்குச் சுவாமி பூசைப் பிரசங்கத்தில் இரண்டு தரம் அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

குடிக்கிற காலத்தில் அப்பா பின்னேரம் ஏழு மணிக்கு வருவார். ஏழிலிருந்து எட்டுவரை என்னுடைய நேரம். நான் படகோட்டி கயிறு கட்டுவதுபோலச் செய்து காட்டுவேன், சங்கக்கடை மனேச்சர் தும்முவதுபோலத் தும்முவேன், எங்கள் தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரி கட்டாக்காலி மாட்டைக் குதிரையென்று படம் பிடித்ததைச் சொல்வேன். அப்பா கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரிப்பார். கண்ணில் தண்ணீர் வரும். "இன்னொருக்காச் செய்யடா, மிரோஜன்" என்பார். அப்படி ஒரு ஆள் சிரித்து நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எட்டுக்குப் பிறகு அம்மாவுடைய நேரம். நான் படுக்கப் போய்விடுவேன். அப்பா யாரையும் அடிக்கிற மனிதர் இல்லை, அம்மாவைத் தவிர.

குடியை விட்ட பிறகு வீட்டில் சத்தம் இல்லை. அப்பா கிழிந்த வலை பொத்துவார், செபமாலை சொல்வார், ஒன்பது மணிக்குப் படுப்பார். என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது என் தலையில் கை வைத்தார். ஆனால் சிரிப்பதில்லை. இப்போது வளாகத்தில் நான் எழுதிச் சுவரில் ஒட்டுகிறவற்றுக்கு முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். ஒரு விரிவுரையாளர் முறைப்பாடும் செய்திருக்கிறார். அதையெல்லாம் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். "நல்லா இருக்கு தம்பி" என்பார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

வைன் வாங்கியது சென்னை விமான நிலையக் கடையில். அம்மாவும் அப்பாவும் பொதிகளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் வாங்கினேன் என்றால், ஆளுக்கு ஒன்று விடுகிறார்கள் என்பதால். இது வெளியூர்க்காரருக்கு விளங்காது. எங்கள் தீவில், தருகிறோம் என்று சொன்னதை எடுக்காமல் விடுவது பெரிய குற்றம். நிவாரணம் தந்த காலத்தில், நாளும் பொழுதும் மீன் தின்கிற எங்கள் வீட்டு அலுமாரியில் தகரத்தில் அடைத்த மீன் கூரைவரை அடுக்கியிருந்தது. மூன்று பெரியவர்களுக்கு மூன்று போத்தல் கொண்டுபோயிருக்கலாம். நான் ஒன்றுதான் வாங்கினேன். அளவோடு இருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஒரு பெண் பிள்ளை போத்தலை வாங்கிப் பார்த்து, யாருடைய பெயரில் என்று கேட்டது. என் பெயரைச் சொன்னால் அப்பா என்னைக் கேட்பார். அப்பாவின் பெயரைச் சொன்னால் அவரே திருப்பிக் கொடுத்துவிடுவார். அம்மாவின் பெயரில் இருந்தால் பிரச்சினை இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவிடம் ஒருவரும் எதையும் கேட்பதில்லை.

"என்ன தம்பி இது?" என்றார் அம்மா, பேனையை வாங்கிக்கொண்டு.

"பொதிக்குத் துண்டு அம்மா. கையெழுத்து வையுங்கோ."

அம்மா பெரிய எழுத்தில் ஆறுதலாகக் கையெழுத்து வைத்தார். போத்தலின் கழுத்தில் அவருடைய பெயரும் அறை இலக்கமும் ஒட்டினார்கள்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு அறை. சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அதில், அப்பாவின் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா முகம் கழுவப் போயிருந்தபோது அப்பா திறந்து பார்த்தார்.

"ஆற்ற போத்தல் இது?"

"பேர் ஒட்டியிருக்கு."

எழுத்துக் கூட்டி வாசித்தார். "கொம்மாட பேரோ? பூசைக்கு வைக்கிற வைனை மணந்தாலே தலை சுத்துற மனுசி." கதவை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் போய்ப் படுத்தார். அடுத்த நாள் முழுவதும் குழாய்த் தண்ணீர்தான் குடித்தார். நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். வைன் அதிகம் குளிரக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன்.

மூன்றாம் நாள் கப்பல் காங்கேசன்துறைக்கு வெளியே நங்கூரம் போட்டது. சின்னப் படகுகளில் சனத்தைக் கரைக்கு ஏற்றி, பஸ்ஸில் யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் காட்டப் போனார்கள். அம்மா போக ஆசைப்பட்டார். இலங்கைப் பாஸ்போட்டோடு இலங்கைக்குச் சுற்றுலாப் போன முதல் நெடுந்தீவாள் அவராகத்தான் இருக்கும்.

"நீங்களும் வாங்கோவன்" என்று அப்பாவைக் கேட்டார்.

"கோட்டையைப் பாக்கவோ? மீன் விக்கப் போகேக்க பாத்தனான். நீ போயிட்டு வந்து சொல்லு, இன்னும் நிக்குதோ எண்டு."

அப்பா பகிடி விட்டது ஆறு வருடத்தில் அதுதான் முதல் தரம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு போனார். நான் அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணியிருக்கும். அறையில் நானும் அப்பாவும். பல் தீட்டுகிற இடத்தில் இரண்டு கிளாஸ் இருந்தன. கழுவி எடுத்து வந்து போத்தலைத் திறந்தேன்.

"மூடு தம்பி," என்றார் அப்பா.

"ஒரு கிளாஸ் அப்பா. நாப்பது வருசக் கலியாணம்."

"கலியாணம் கட்டினவள் இல்லாமலோ?"

"அப்ப எனக்காகக் குடியுங்கோ. நீங்கள் முந்தி மாதிரி இருந்து எவ்வளவு காலம்."

அப்பா என்னைக் கன நேரம் பார்த்தார். "முந்தி மாதிரி நான் இருக்கிறதோ உனக்கு விருப்பம்?"

"ஓம்."

"கொம்மா பட்ட பாடு தெரியுந்தானே உனக்கு?"

"அவ அஞ்சு மணிக்குத்தான் வருவா."

அப்பா கிளாசை இரண்டு கையாலும் வாங்கினார். மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினார். நான் திரும்ப வார்த்தேன். மூன்றாவதையும் வார்த்தேன். பிறகு எழும்பி நின்று செய்து காட்டத் தொடங்கினேன். படகோட்டி, மனேச்சர், வெள்ளைக்காரி, சுவாமி, புதிதாகக் கப்பலில் பிடித்த சமையற்காரன். ஒரு மணித்தியாலம் இருக்கும். நான் அவ்வளவு நன்றாக என்றைக்கும் செய்ததில்லை.

நாலாவது கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு அப்பா சொன்னார்: "கதவை வெளியால பூட்டிப்போட்டு நீ போ தம்பி. அவ வந்தா உள்ளுக்கு விடாத. எனக்கு என்ர கையில நம்பிக்கை இல்லை."

பூட்டவில்லை. இன்னும் இரண்டு பகிடி பாக்கி இருந்தது. அதற்கிடையில் அவர் குனிந்து வாந்தி எடுத்தார். முதலில் வைன் என்றுதான் நினைத்தேன். வைனைவிடக் கறுப்பாக இருந்தது.

இந்த இடத்தில் டொக்டரைப் பற்றிச் சொல்வது நல்லது. ஆறு வருடத்துக்கு முன் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவின் தொண்டைக்குக் கீழே இரத்தக் குழாய்கள் வீங்கி நிற்கின்றன, திரும்பக் குடித்தால் ஒரு நாளே போதும், வெடித்துவிடும் என்றார். வீட்டில் படித்தவன் நான் என்பதால் என்னிடம் சொன்னார். குடிக்கக்கூடாது என்பதை நான் எல்லோருக்கும் சொன்னேன். ஒரு நாளே போதும் என்பதை மட்டும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. சும்மா கிடந்து பயப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். நான் மறக்கவுமில்லை.

கட்டில் தலைமாட்டில் ஒரு தொலைபேசி இருந்தது. சிவப்புப் பொத்தானை அமத்தினால் டொக்டர் வருவார்; ஏழாம் பக்கம். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு "ஒண்டுமில்லை, ஒருத்தரையும் கூப்பிடாத" என்றார். நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. என்னுடைய கிளாசைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். அப்பாவின் கிளாசை அப்படியே விட்டேன். உடுப்பு மாற்றினேன். தொலைபேசியை எடுத்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. அப்பா அப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், படகில் அப்பா செத்தார். நங்கூரம் போட்ட இடத்திலிருந்து துறைமுகம் பத்து நிமிடம். அம்மா பஸ்ஸால் இறங்கி அங்கே நின்றார். சுற்றுலாப் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்று கையில் இருந்தது. அப்பாவுக்குக் காட்டிச் சிரிப்பதற்கென்று வைத்திருந்தாராம்.

மரண விசாரணையில், நான் மேல்தட்டில் நின்றேன், வந்து பார்த்தபோது இப்படி என்று சொன்னேன். கப்பல்காரர் தங்கள் பதிவைக் கொடுத்தார்கள். போத்தல் ஒன்று, கொண்டுவந்தவர் அந்தோனியம்மா, கையெழுத்து அவருடையது.

அக்கா செத்தவீட்டுக்கு வந்தார். அடக்கம் முடிந்து ஆட்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பதிவுத் தாளை அம்மாவின் மடியில் போட்டார்.

"அம்மா, உங்கட பேர் கிடக்கு."

அம்மா தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தட்டத்தோடு நின்றேன்.

"ஓம் பிள்ளை," என்றார்.

"ஏன் கொண்டுபோனனீங்கள்?"

"ஆளுக்கு ஒண்டு விடுறாங்கள் எண்டாங்கள். சும்மா ஏன் விடுவான் எண்டு…"

"ஆறு வருசம் அந்த மனுசன் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவர். வாங்கின அடிக்கெல்லாம் பழி தீர்த்துப்போட்டீங்கள், என்ன?"

முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது. அம்மா மறுக்கவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

எட்டு மாதமாகிறது. அக்கா என்னோடு மட்டும் கதைப்பார். அம்மாவின் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறார். அம்மாவுக்கு அது தெரியாது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தொலைபேசியைச் சார்ஜ் போட்டு எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "அங்க இப்ப என்ன நேரம் தம்பி?" என்பார். சொல்வேன். "அப்ப பிள்ளை எழும்பியிராது," என்பார். மத்தியானம் திரும்பக் கேட்பார். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் இப்போது ஒருவரும் முழங்காலில் இருப்பதில்லை. அந்த நீள வாங்கு முழுவதும் அவருக்குத்தான்.

போன ஞாயிறு அம்மா நேரம் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு அப்பா சிரிச்சவரோ?"

நான் அந்த அறையில் இருந்தேன் என்று அம்மாவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"ஓம் அம்மா. நல்லாச் சிரிச்சவர்."

"அது காணும்," என்றார். "அது காணும் ராசா, வேற ஒண்டும் வேண்டாம்."

அப்பா சிரிக்கவில்லை. முதல் பகிடியிலிருந்து கடைசிப் பகிடிவரை கிளாசைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தரம் சொன்னார்: "தம்பி, அந்த நாளில நீ என்ன சொன்னனி, என்ன செய்தனி எண்டு ஒண்டுமே எனக்கு ஞாபகமில்லையடா. குடிவெறியில சிரிச்சனான். நீ அழுதிருந்தாலும் சிரிச்சிருப்பன்." அதற்குப் பிறகுதான் நான் நாலாவது கிளாசை வார்த்தேன்.

இவ்வளவையும் எழுதியது அக்காவுக்கு அனுப்பத்தான். அனுப்பினால் அன்றைக்கே அம்மாவின் தொலைபேசி அடிக்கும். ஆனால் அக்கா முழுவதையும் வாசித்துக் காட்டாமல் விடமாட்டார். அப்பா சிரிக்கவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியவரும். மற்ற எல்லாவற்றையும் தாங்கிய மனுசி, அதை மட்டும் தாங்கமாட்டார். அதனால் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அம்மாவுக்காகத்தான்.