ஐந்து பெயர் வெட்டிய கல்

என் பெயர் கிளாரா, வயது 54, கணவர் பெயர் ஞானதாசன், அவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார், நான் கொட்டாரம் சந்தையில் மீன் விற்கிறேன், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடற்கரையில் குடியிருக்கிறேன். என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. கல்லை உடைத்தது நான்தான், வேறு ஒருத்தருக்கும் அதில் பங்கில்லை.

எங்கள் ஊரை ஒட்டி இலங்கைக்காரர் அகதி முகாம் உண்டு. அங்கே இருக்கும் ஒரு பெண் ரொம்ப வருஷமாக என்னோடு சந்தைக்கு வருகிறாள். 2006-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தாள், அடுத்த வருஷம் இங்கே வைத்து மகள் பிறந்தாள். படகு ஏறும் முன்னே ஷெல் விழுந்து அப்பா செத்துப்போனார் என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தாள். நடந்தது வேறு. சண்டையில் அவளைப் பிடித்து வைத்துச் சீரழித்தார்கள். அவளுக்கும் முகாமில் இன்னும் நான்கு பேருக்கும் அப்படி நடந்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

போன வருஷம் அப்படிப்பட்ட பெண்களுக்குப் பொதுவாக ஒரு சிலை வைக்க ஊரில் கமிட்டி போட்டார்கள், பிரதீஷ் செயலாளர், நானும் அதில் உண்டு. மயிலாடியில் கல்லில் செய்யக் கொடுத்தோம், முழங்காலில் கை ஊன்றி எழும்புகிற ஒரு பெண். பாதி வேலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு அக்கா. ஆருடைய முகமும் இல்லை, அதுதான் நல்லம்" என்றாள்.

அதன் பிறகு பீடத்தில் பதிக்க அப்படிப்பட்ட பெண்கள் பெயர் கேட்டான் பிரதீஷ். எங்கள் ஊரில் குருசடி கட்டினாலும் கொடிமரம் நட்டாலும் கல்லில் பெயர் வெட்டாமல் விட மாட்டோம். என் பெயர் எதுக்கு என்றுதான் முதலில் எல்லாரும் சொல்லுவார்கள், வெட்டாமல் விட்டால் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். ஆருடைய முகமும் இல்லாதது நல்லம் என்று அவள் சொன்னதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர்களிடம் கேட்டாச்சா என்று பிரதீஷ் விசாரித்தான், "அவங்ககிட்ட என்னடே கேக்கது, நான்லா சொல்லுகேன்" என்று ஐந்து பெயரையும் முகாம் வீட்டு நம்பரோடு எழுதிக் கொடுத்தேன். மரியாதை செய்வதாக நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும், இதையும் எழுதுங்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து சிலையைத் திறந்தார்கள். தாயையும் மகளையும் முன்வரிசையில் கொண்டு நிறுத்தியது நான்தான். போரில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி மீண்டுவந்த எங்கள் சகோதரிகள் என்று கல்லில் இருந்ததை மகள் சத்தமாக வாசித்து, பெயர்களையும் வாசித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவதாக இருந்த தாயின் பெயரில் நின்றுவிட்டாள். ஜனம் கைதட்டியது, நானும் தட்டினேன். அதன் பிறகு பிள்ளை தாயைப் பார்த்து, "அப்ப என்ர அப்பா ஆர்?" என்று கேட்டாள். தாய் என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானமே மகள் தோவாளையில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள், தாய் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. நான் முகாமுக்குப் போய்த் தாயின் கதவைத் தட்டினேன். "நீங்கள் போங்கோ அக்கா" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், சிலையைத் தொடாமல் பெயர்க் கல்லை மட்டும் குத்தினேன். "ஏட்டி கிளாரா, கிறுக்கு பிடிச்சாட்டி?" என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள், சிலர் போனில் படம் பிடித்தார்கள். கல் ஆறு துண்டானது, ஆனால் ஆழமாக வெட்டின எழுத்து, அழியவில்லை.

அதன் பிறகு போலீஸ் வந்து துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, ஸ்டேஷன் வராந்தாவில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஐந்து பெயரும் முழுசாக வாசிக்க முடிந்தது. கவிழ்த்தாவது போடுங்க சார் என்று கெஞ்சினேன். வழக்குச் சொத்து, தொடக்கூடாது என்றார்கள். என்மேல் கொடுத்த புகாரில் பெயர் இருக்கிறது, துண்டுகளைக் கைப்பற்றியதற்கு எழுதின மகஜரில் இருக்கிறது. சும்மா இருந்திருந்தால் எங்கள் ஊரோடு போயிருக்கும், இப்போது கோர்ட் வரைக்கும் நானே கொண்டுபோகிறேன்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. இந்தத் தாளில் மட்டும் அவள் பெயர் இல்லை. அதனால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

(ஒப்பம்) கிளாரா