பிரசவ வார்டுக் கதவு

— சார், முதல்ல குழந்தையைத் தொட்டில்ல போடுங்க. இந்த அலறல்ல வார்டுல இருக்கிற எட்டுக் குழந்தையும் எந்திரிச்சிடுச்சு.

— நான் என்ன பிள்ளைத் திருடனா சிஸ்டர்? என் பொண்ணு, பொறந்து ரெண்டு நாள் ஆச்சு. வெளியில நிக்கிற எங்கப்பாகிட்ட ஒரு நிமிஷம் காட்டலாம்னு தூக்கிட்டுப் போனேன். கதவு பூட்டிக்கிச்சு.

— அதுக்கு அப்பான்னும் தெரியாது, தாத்தான்னும் தெரியாது. குழந்தை கால்ல பட்டை கட்டியிருக்கில்ல? அதோட யார் வாசல் பக்கம் போனாலும் பூட்டிக்கும், மணி அலறும்.

— ஏங்க, எவ்வளவு தூரத்துல பிடிச்சுது?

— கட்டில்ல படுத்துக்கிட்டு இவ கேக்கற கேள்வியைப் பாருங்க சிஸ்டர்! ஏம்மா, வார்டே என்னைத் திருடனாட்டம் பாக்குது, உனக்குத் தூரக்கணக்கா?

— சொல்லுங்களேன். கைப்பிடியைத் தொட்டீங்களா?

— எங்க தொட்டேன்? ரெண்டு எட்டு இருக்கும்போதே டக்குன்னு சத்தம்.

— ரெண்டு எட்டு. அப்ப சரியா இருக்கு.

— என்ன மேடம் சரியா இருக்கு?

— அந்தக் கதவுக்குப் பூட்டு மாட்டினதே இவதான் சிஸ்டர். காந்தம், ஒயரிங், எல்லாம். அஞ்சு மாச வயித்தோட ஏணியில ஏறினா. அன்னைக்கு எங்கப்பாவுக்கு ஏறின கோவம் இன்னும் இறங்கலை. "வேலையை விடறேன்னு அவ சொல்லட்டும், அப்புறம் உள்ள வர்றேன்"னு வாசல்லயே நிக்கறார்.

— அதான் பேத்தி வெளியில வரணுமாக்கும் சார்!

— ஏம்மா, நீ போட்ட பூட்டுதானே? திறக்கற நம்பர் உன்கிட்ட இருக்குமே. சொல்லு, காட்டிட்டு ஓடி வந்துடறேன்.

— வேலையை முடிச்சு ஒப்படைச்ச அன்னைக்கே என் நம்பரை அழிச்சுட்டேங்க.

— அழிக்காம இருந்திருந்தா?

— அப்பவும் சொல்ல மாட்டேன். எட்டுத் தாய்மாருங்க அந்தக் கதவை நம்பித்தான் கண்ணை மூடறாங்க. நேத்து நானும் அப்படித்தான் தூங்கினேன்.

— அவர் கிளம்பிட்டார்னா? ஒரு தடவை முறுக்கிக்கிட்டா வருஷக்கணக்குல இழுப்பார்.

— இழுக்கட்டும். வேலையை விடமாட்டேன். மாமாகிட்ட அதையும் சொல்லிடுங்க.

— போதும் ரெண்டு பேரும். பச்சை உடம்புக்காரி, கத்தக்கூடாது. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.

— சிஸ்டரும் போயாச்சு… பாரேன், மூக்கு அப்படியே எங்கப்பா.

— பிடிவாதம் வராம இருந்தாச் சரி.

— அது உன் பக்கத்துலேர்ந்தே தாராளமா வந்துடும். இதோ வந்துட்டாங்க. சிஸ்டர், கிளம்பிட்டாரா?

— எங்க கிளம்பறது? மணி அலறினதும் உள்ள வர மூணு தடவை தள்ளிப் பாத்தாராம், வாட்ச்மேன் சொல்றார். கடைசித் தடவை தோளைக் கொடுத்தே தள்ளியிருக்கார். கதவு அசையலை.

— கோவமா இருக்காரா?

— நான் போகும்போது யாரோ ஒருத்தர் வந்து கதவைத் தள்ளினார். உங்கப்பா அவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். "வீணாத் தள்ளாதீங்க தம்பி, திறக்காது. என் மருமக மாட்டினது."