தாய்மாமன் செருப்பு

— இவங்கள்லாம் மனுசங்களாடி? கல்யாணத்துக்கு ரப்பர் செருப்புல வர்றான், தோல் செருப்புல திரும்பிப் போறான். நா உள்ள வரல சரசா. இந்தப் படியிலயே குந்திக்கறேன்.

— தாய்மாமன் நீ மாலை போடாம பவித்ரா எப்டிண்ணா மேடை ஏறுவா? முகூர்த்தம் முடிய இருபதே நிமிசம். என் பொண்ணு கல்யாணத்த வுட உனுக்கு செருப்பு பெருசா?

— பட்டு வேட்டிக்குக் கீழ தோல் செருப்பு இருந்தாத்தான் தாய்மாமன். ரப்பர் செருப்பு இருந்தா பல்லு வெளக்கப் போறவன். மூணு நாளு வெளக்கெண்ண தடவிப் பழக்கி வெச்சிகீறேன்.

— அப்ப செருப்பக் குடுத்துட்டு டோக்கன் வாங்கு. தோ, மண்டபத்து ஆளு ஜஸ்டினு அதுக்குத்தான் உக்காந்துகினு கீறாரு.

— அவன் காலப் பாத்தியா? என் அளவு.

— பெருசு, நா ஷூ போடுற ஆளு!

— ஷூ போடுறவன் ஊட்டுல அப்பன் இருக்க மாட்டானா? நீ சும்மா இரு நைனா.

— சரிண்ணா, ஒத்தைய இங்க வுடு, இன்னொன்ன அந்தத் தூணாண்ட வுடு. எவன் எடுப்பான்?

— நிச்சயதார்த்தத்துல உன் ஊட்ல அப்டித்தான வுட்டேன்! ஒன்னு மாடிப்படிக்குக் கீழ, ஒன்னு தண்ணித்தொட்டிக்குப் பின்னால. ரெண்டையும் தேடி ஜோடி சேத்துகினு பூட்டான். மாப்ள ஊட்டுக்காரன் எவனோதான். இன்னிக்கி மைக்க வாங்கிக் கேக்கப்போறேன்.

— ஐயோ, மைக்லயா! வேணாண்ணா!

— உனுக்கு ஏன் வேர்க்குது?

— நாந்தாண்ணா எடுத்தேன்.

— இன்னாது?

— சம்பந்தி கங்காதரன் செருப்பு அன்னிக்கி நம்ம வாசல்ல காணாம பூட்ச்சி. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், வெறுங்காலு. திருநின்றவூர்லேர்ந்து ஆவடிக்கு ரயில்ல எப்டிப் போவாரு? ‘வந்தவங்க செருப்பக்கூட பாத்துக்காத ஊட்லயா பொண்ணு எடுக்கறது’ன்னு அவங்க அக்கா ஆரம்பிச்சிட்ச்சி. நீ ஒளிச்சி வெக்கிற எடம் எனுக்குத் தெரியாதா? எடுத்துக் குடுத்துட்டேன்.

— அதான் அந்தாளு நடக்கறப்ப என் செருப்பு சத்தம் கேட்டுச்சா! நா காதுல கோளாறுன்னு டாக்டராண்ட போயிட்டு வந்தேனேடி!

— கல்யாணம் நடக்கணுமேண்ணா. தோ, ஐயரு கூப்புடுறாரு, எழுந்துரு. செருப்ப நா காவல் காக்கறேன்.

— நீயா?

— எடத்த வுட்டு நவுரவே மாட்டேன்.

— ஜஸ்டினு, இந்தா புடி, டோக்கன் குடு. நா மேடைக்குப் போறேன். எவன் டோக்கனோட வந்தாலும் குடுத்துடு நைனா. இவ வந்தா மட்டும் டோக்கன் இருந்தாலும் குடுக்காத.